அறைக்கு முன்னால் சரிவைப் பாருங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

தீபாவளி விடுப்போடு நாலு நாள் சேர்த்துக்கொண்டு குடும்பத்தோடு டார்ஜிலிங் போகத் திட்டமிட்டிருப்பதில் மகிழ்ச்சி. மூன்று தங்குமிடங்களின் படங்களை அனுப்பி, எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, காந்தி ரோட்டில் புதிதாக எழுந்திருக்கும் ஆறு மாடி ஓட்டல். கட்டிலில் படுத்தபடியே கஞ்சன்ஜங்காவைப் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, சௌரஸ்தாவை ஒட்டிய வெள்ளைக்காரர் காலத்து பங்களா. மூன்றாவது, ஊரைவிட்டு விலகிய தேயிலைத் தோட்டத்தில் ஒரு ஹோம்ஸ்டே. இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், போகிற போக்கில், மாமியாருக்கு முழங்கால் தேய்மானம் என்று ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்.

அதற்கு முன் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மாதத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நம் பக்கம் ஐப்பசி அடைமழை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால் அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியதுதான். அங்கே தென்மேற்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் நடுவாக்கில் விலகிவிடும். அதன்பின் நவம்பர் கடைசிவரை காற்று கழுவித் துடைத்தாற்போல இருக்கும். டார்ஜிலிங் சுமார் 2,050 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. உயரத்தில் நம் ஊட்டிதான் ஒரு படி மேல் என்பதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ஆகவே மூச்சுத்திணறல், மலைநோய் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் வெகுதூரம் வடக்கே தள்ளியிருப்பதால் குளிர் ஊட்டியைவிட அதிகம். அக்டோபர் கடைசியில் ராத்திரி பத்து டிகிரிக்கு அருகே வந்துவிடும். நவம்பரில் இன்னும் இறங்கும்.

ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே அறையை முடித்துவிட வேண்டும் என்று உங்கள் கணவர் சொல்வதும் சரிதான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டார்ஜிலிங்கில் நல்ல அறைகள் அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே போய்விடும். துர்கா பூஜை வாரத்தில் கல்கத்தாவே கிளம்பி மலைக்கு வந்துவிட்டது போலிருக்கும். நல்லவேளையாக நீங்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டீர்கள். தீபாவளிச் சமயத்தில் காளி பூஜைக் கூட்டம் இருக்கும், ஆனாலும் தாங்கலாம்.

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். டார்ஜிலிங் ஒரு மலைமுதுகின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். தெற்கே கூம் என்ற ஊரிலிருந்து அந்த முதுகு வடக்கு நோக்கி இறங்கி வருகிறது. ஜலாபஹார் தாண்டி, சௌரஸ்தா என்ற சதுக்கத்தில் கொஞ்சம் சமமாகி, அப்சர்வேட்டரி ஹில் என்ற குன்றாக ஒருமுறை எழுந்து, பிறகு இரண்டாகப் பிரிந்து சரிகிறது. மேற்குச் சரிவில்தான் ஊரின் பெரும்பகுதி. மேலே காந்தி ரோடு, நடுவில் லாடன்லா ரோடு, கீழே ரயில் நிலையமும் கடைத்தெருவும் இருக்கும் ஹில்கார்ட் ரோடு என்று அடுக்கடுக்காகத் தெருக்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு போகும். மனிதர்கள் படிக்கட்டில் ஏறிவிடுவார்கள். அதனால் செல்போன் வரைபடம் ‘சௌரஸ்தாவிலிருந்து 300 மீட்டர்’ என்று காட்டினால் அது உண்மையாகவும் இருக்கலாம், அதில் பாதிக்குமேல் செங்குத்தான படியாகவும் இருக்கலாம். இந்த ஊரில் தூரத்தைக் கேட்காதீர்கள், எத்தனை படி என்று கேளுங்கள்.

சௌரஸ்தாவுக்குள் வண்டி வராது. கிளப்சைடு என்ற இடத்தில் ஜீப் உங்களை இறக்கிவிடும். அங்கிருந்து நேரு ரோடு மெல்ல ஏறிச் சதுக்கத்தில் சேர்கிறது. இருபுறமும் கடைகள், சரிவும் மென்மை, படிகள் கிடையாது. நின்று நின்று வந்தால் மாமியார் நடந்துவிடுவார். பெட்டிகளுக்குச் சுமைதூக்குபவர்கள் கிடைப்பார்கள். நெற்றியில் பட்டை போட்டு, பாரத்தை முதுகில் தாங்கி ஏறுகிற வேலை அது, பெண்களும் செய்கிறார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

சௌரஸ்தாவில் தங்குவதன் பெரிய லாபம், சதுக்கத்தில் தொடங்கி அப்சர்வேட்டரி ஹில்லைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பி வரும் மால் ரோடு. பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத, வண்டித் தொல்லை இல்லாத பாதை அந்த ஊரில் வேறு இல்லை. அதன் வடக்குப் பக்கத்தில் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். எதிரே கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர், உலகத்தின் மூன்றாவது உயரமான சிகரம். நேர்கோட்டில் 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும், பள்ளத்தாக்குகளுக்கு மேலே அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டிலில் படுத்தபடி பார்ப்பதற்காக அந்த ஆறு மாடி ஓட்டல் கேட்கும் கூடுதல் தொகையை இந்தப் பெஞ்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலை தெரியும் அறையைப் பற்றி விளம்பரத்தில் எழுதாத ஒரு செய்தி உண்டு. சிகரம் ஊருக்கு வடக்கு வடமேற்கில் இருக்கிறது. எனவே அதைப் பார்க்கும் ஜன்னல் வடக்கையோ மேற்கையோ பார்த்துத்தான் இருந்தாக வேண்டும். ஐப்பசியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது, மேற்கு ஜன்னலில் மத்தியானத்துக்கு மேல்தான். அதாவது அதிக வாடகை கொடுத்து எடுக்கும் அறைதான் காலையில் அதிகம் குளிரும் அறை. கிழக்குப் பார்த்த அறையில் சிகரம் தெரியாது. ஆனால் ஆறு மணிக்கெல்லாம் வெயில் கட்டில்வரை வந்துவிடும், துவைத்துப் போட்ட துணி காயும், முட்டிவலிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரலாம். உங்கள் வீட்டுக்கு நான் கிழக்கு அறையைத்தான் சொல்வேன்.

தவிர, மலை உங்களுக்குக் காட்சி தரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பொதுவாக விடியற்காலையில் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து மறைத்துவிடும். சத்யஜித் ராயின் முதல் வண்ணப்படம் 1962-இல் வந்த ‘காஞ்சன்ஜங்கா’. டார்ஜிலிங்கில் விடுமுறைக்கு வந்த ஒரு பெரிய வீட்டுக் குடும்பத்தின் கடைசி நாள்தான் கதை. படம் முழுக்க மஞ்சு மூடிக்கிடக்கிறது. கடைசியில் மலை வெளிப்படும்போது, அதைப் பார்க்க அத்தனை ஆசைப்பட்ட பெரியவர் தன் வீட்டாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்; நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறை முன்பதிவு செய்யும் எல்லோருக்கும் இந்தப் படத்தைப் போட்டுக்காட்டலாம் என்று தோன்றும்.

அடுத்தது மாடிக் கணக்கு. நம் ஊரில் முதல் மாடி என்றால் ஒருமுறை படியேற வேண்டும், அவ்வளவுதான். சரிவில் கட்டிய ஓட்டலில் தெருவும் வாசலும் மூன்றாவது அல்லது நான்காவது மாடியில் இருக்கும். வரவேற்பு மேசை அங்கே இருக்கும், அறைகள் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். ‘கீழ்த்தளம்தான் சார், சிரமமே இல்லை’ என்பார்கள். வாசலிலிருந்து மூன்று மாடி இறங்கி, காபி குடிக்க மூன்று மாடி ஏற வேண்டியிருக்கும். லிப்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், வாசலிலிருந்து அறைக்கு ஏறவா இறங்கவா, எத்தனை படி என்று எண்ணச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிச் சரிவுக்குள் புதைந்த கீழ் அறைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். நாலு மாத மழையைக் குடித்த அந்த மண் ஐப்பசியில்தான் மெல்லத் தண்ணீரை விட ஆரம்பிக்கும். சுவரில் ஓதம், மெத்தையில் பூஞ்சை வாடை, கதவு ஊதிப்போய்ச் சாத்த வராது. கோடையில் எடுத்த படத்தில் இதெல்லாம் தெரியாது. வந்துபோனவர்களின் கருத்துகளைப் படிக்கும்போது ஏப்ரல், மே மாதத்துப் பாராட்டுகளைத் தள்ளிவிட்டு, அக்டோபர் நவம்பரில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். வேறொரு ஓட்டலைப் பற்றிப் படிப்பது போல இருக்கும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மழை கொட்டுகிற மலையில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பீர்கள். ஊருக்கு முக்கியமான நீர் ஆதாரம் செஞ்சல் காட்டில் உள்ள இரண்டு ஏரிகள். ஒன்று 1910-இலும் மற்றது 1932-இலும் அமைந்தவை. அன்றைய சிறிய ஊருக்குப் போட்ட கணக்கு அது. இன்று ஊரும் பெருத்து, சீசனில் வந்து குவிகிற கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஓட்டல்காரர்கள் லாரியில் வாங்கித் தொட்டியை நிரப்புகிறார்கள். ஆகவே குழாயில் வெந்நீர் என்று போட்டிருந்தால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று கேட்க வேண்டும். சில இடங்களில் காலை இரண்டு மணி நேரம்தான். சில இடங்களில் வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள்; அதிலொன்றும் குறையில்லை, சொன்ன நேரத்துக்கு வந்தால் சரி. தீபாவளியன்று அங்கேதான் இருக்கப்போகிறீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆக வேண்டும் என்று மாமியார் சொல்வார். விடிவதற்கு முன் வெந்நீர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள், எண்ணெயில் வழுக்காத குளியலறையா என்றும் பாருங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையாக இருந்துவிடப் போகிறது, அதையும் கேட்டுவிடுங்கள்.

நம் தீபாவளி நாளான அந்த நரக சதுர்த்தசியன்று நேபாளி வீடுகளில் நாய்களுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, நல்ல சாப்பாடு கொடுப்பார்கள். திஹார் பண்டிகையின் ஒரு நாள் அது. சாயங்காலங்களில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிக் காசு வாங்குவார்கள். உங்கள் பையனுக்கு இது சிகரத்தைவிட அதிகம் பிடிக்கக்கூடும். தீபாவளி நாட்களில் ஊருக்குள் தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறையைச் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலான ஓட்டல்களில் வாடகையில் சேராது. ஹீட்டர் வேண்டுமென்றால் தனிக் காசு. தினமும் எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பழைய பங்களா ஓட்டல்களில் மாலையில் கணப்பு மூட்டுவார்கள். வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போவார்கள்.

பழைய பங்களாக்களைப் பற்றி: எனக்கு அவற்றின்மேல் ஆசை உண்டு என்பதை மறைக்கவில்லை. அப்சர்வேட்டரி ஹில்லில் உள்ள விண்டமியர், தேயிலைத் துரைமார்களுக்கான விடுதியாக இருந்து 1939-இல் ஓட்டலானது. சிக்கிம் இளவரசர் பால்டன் தொண்டுப் நம்கியாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவி ஹோப் குக்கும் 1959-இல் சந்தித்துக்கொண்டது அங்கேதான்; பின்னாளில் அவர் சிக்கிமின் ராணியானார். எல்ஜின் ஓட்டல் கூச்பிகார் மகாராஜாவின் கோடை மாளிகையாக இருந்தது. இவை போன்ற இடங்களில் சாப்பாட்டையும் சேர்த்தே வாடகை போடுவதுண்டு. முதலில் மலைக்க வைக்கும். மூன்று வேளைச் சாப்பாட்டையும் மாலைத் தேநீரையும் கழித்துப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் உங்கள் மாமியார் சைவம், ராத்திரி எட்டு மணிக்குமேல் சாப்பிட மாட்டார் என்றால் அந்தப் பணத்தில் பாதி வீண். நீங்கள் படம் அனுப்பிய பங்களா சிறியது. மரத்தரை, கிழக்கே ஒரு கண்ணாடித் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. மரத்தரையில் மேல்வீட்டுக்காரர் நடப்பது இடி இடிப்பது போலக் கேட்கும் என்பதால் மேல் அறையாகக் கேளுங்கள், படிக்கட்டு சின்னதாக இருந்தால் மட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். நேரு ரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சைவ உணவகங்கள் உண்டு, தோசைகூடக் கிடைக்கும். அது எந்த மாதிரி தோசை என்று நான் சொல்ல மாட்டேன். காய்கறி மோமோவும் துக்பாவும் சாப்பிட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

தேயிலைத் தோட்ட ஹோம்ஸ்டேயை ஒதுக்கிவிட வேண்டாம், அதே சமயம் முழு விடுமுறையையும் அங்கே வைக்கவும் வேண்டாம். அக்டோபர், நவம்பர் என்பது இலையுதிர்காலக் கொழுந்து பறிக்கும் பருவம். ஆண்டின் கடைசிப் பறிப்பு அதுதான்; அதற்குப் பிறகு செடிகள் வசந்தம்வரை உறங்கப் போய்விடும். ஆலைக்குள் வாடலும் உருட்டலும் நடந்துகொண்டிருப்பதை நேரில் பார்க்கலாம், அந்த வாசனையே தனி. தோட்டங்கள் பெரும்பாலும் ஊரைவிடத் தாழ்வான சரிவுகளில் இருப்பதால் குளிரும் குறைவு. சிக்கல் பாதையில் இருக்கிறது. ஊரிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் தோட்டத்துக்கு ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் குலுக்கி எடுக்கும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கலாம். ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிற ஊரில், இருட்டிய பிறகு மருந்துக்கடை தேடி அங்கிருந்து வெளியே வருவது எளிதில்லை.

அதனால் என் யோசனை: திரும்பும் வழியில் கர்சியாங்கில் இரண்டு ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். டார்ஜிலிங்கிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கீழே, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், குளிர் பாதியாகக் குறையும் ஊர். பொம்மை ரயில் கடைவீதிக்குள்ளேயே உரசிக்கொண்டு போகும். பக்கத்தில் மகாய்பாரி தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளில் விருந்தினர் தங்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. வாடகை தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டோடு சேர்த்திருக்கும். கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த வீட்டுக்கே போகிறது. பையன் ரயில் ரயில் என்று கேட்டால் டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் சுற்றுப்பயணமே போதும். 1881-இல் ஓட ஆரம்பித்த அந்த இரண்டடி அகல ரயிலில் அடிவாரத்திலிருந்து முழுதாக 88 கிலோமீட்டர் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்து வர, முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கே பொறுமை வேண்டும்.

மலிவாக இருக்கிறதே என்று கூம் பக்கம் அறை எடுக்க நினைக்காதீர்கள். 2,258 மீட்டர் உயரத்தில் பாதி நேரம் மஞ்சுக்குள் மூழ்கிக் கிடக்கும் இடம் அது. சீசனில் அங்கிருந்து டார்ஜிலிங் வரையுள்ள ஏழு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் வண்டியில் அடைந்து கிடக்க நேரிடும். ஹில்கார்ட் ரோட்டை ஒட்டிய ஓட்டல்களும் வேண்டாம். டைகர் ஹில்லில் சூரிய உதயம் பார்க்கக் கிளம்பும் ஜீப்புகள் விடிகாலை மூன்றரை மணிக்கே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும். அந்த உதயத்துக்கே நான் உங்களை அனுப்ப மாட்டேன். நூறு வண்டி நெரிசலில், நூறு செல்போன்களுக்கு இடையில் அதைப் பார்ப்பதைவிட மால் ரோட்டுப் பெஞ்சு மேல்.

கடைசியாக, பணம் கட்டுவது பற்றி. மழை அக்டோபரில் விலகிவிடும் என்றேன். சில வருஷம் போகும்போது ஓங்கி அடித்துவிட்டுப் போகும். 1968 அக்டோபர் தொடக்கத்தில் அப்படி நடந்தது. 2025-இல் அக்டோபர் 4-ஆம் தேதி இரவு கொட்டிய மழையில் மிரிக் உட்பட டார்ஜிலிங் மலைப்பகுதியில் மலை சரிந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துதியாவில் பாலாசோன் ஆற்றின் மேலிருந்த இரும்புப் பாலமும் இடிந்தது. நீங்கள் போவது அக்டோபர் தொடக்கத்துக்குப் பிந்திய நாட்களில் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் முழு வாடகையை முன்கூட்டிக் கட்டாதீர்கள். பாதை மூடினால் பணம் திரும்ப வருமா, வேறு தேதிக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்பதை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவையுங்கள். திரும்பும் ரயிலுக்கு முதல் நாள் இரவே அடிவாரத்துச் சிலிகுரிக்கு இறங்கிவிடுங்கள். காலையில் மலையிலிருந்து கிளம்பி நியூ ஜல்பைகுரி ரயில் நிலையத்தில் மத்தியான வண்டியைப் பிடிப்பதாகப் போடும் திட்டங்கள் ஹில்கார்ட் ரோட்டின் நெரிசலில் அடிக்கடி தோற்றுப்போகின்றன.

ஆக, மூன்று ராத்திரி சௌரஸ்தா பக்கத்துச் சிறிய பங்களாவில் கிழக்கு அறை. இரண்டு ராத்திரி கர்சியாங். ஆறு மாடி ஓட்டலை விட்டுவிடலாம். பங்களாக்காரரிடம் நீங்களே போனில் பேசுங்கள், முன்பதிவுச் செயலி வழியாக மட்டும் முடித்துவிட வேண்டாம். கிளப்சைடிலிருந்து வாசல்வரை ஒரு தடவை நடந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்காமல் அனுப்பினால் முன்பணம் கட்டிவிடுங்கள். இழுத்தடித்தால் எனக்கு எழுதுங்கள்; அதே தெருவில் வேறு இரண்டு மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.